பாகவதர் வாழ்வும் வீழ்ச்சிக் கதையும்

புலவர்களைப் பற்றி வழங்கும் கதைகளை அவர்தம் வரலாறாகக் கொள்ளலாகாது என்பதைத் தமிழ் ஆராய்ச்சி உலகம் நெடுநாட்களுக்கு முன்பே உணர்ந்துகொண்டது. திருவரங்கத்துத் தாயார் சந்நிதியின் எதிரே உள்ள மண்டபத்தைக் காட்டி, கம்பர் தம் இராமாயணத்தை அரங்கேற்றிய இடம் இதுவே என்பர். அம்மண்டபத்தை மதிக்கும் ஆராய்ச்சியாளரும், அரங்கேற்றத்தைப் பற்றிய கதைகள் அனைத்தையும் அப்படியே ஏற்பதில்லை. சான்றுடையது எது, செவிவழி வந்தது எது என்று பிரித்தே நோக்குவர். ஆயின், நம் காலத்திற்கு அணித்தாக வாழ்ந்த ஒரு கலைஞரின் வரலாற்றை நோக்குங்கால் அம்முறையை நாம் கைவிட்டுவிடுகின்றோம். திருச்சிராப்பள்ளியில் வளர்ந்து, தமிழ்நாடு முழுவதும் புகழ்பெற்று, இறுதியில் அந்நகர் மண்ணிலேயே அடங்கிய எம். கே. தியாகராஜ பாகவதரின் வாழ்க்கை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

பாகவதரைப் பற்றி இன்று வழங்கும் கதை அனைவரும் அறிந்ததே. பொன் தட்டில் உண்டார். நாடே அவர் காலடியில் கிடந்தது. கொலை வழக்கொன்றில் சிறை புகுந்தார். மீண்டு வந்தபோது எல்லாம் அழிந்திருந்தது. நோயும் வறுமையும் சூழ மறைந்தார். இதுவே ஊழின் விளையாட்டு. வார இதழ்க் கட்டுரைகள் தொடங்கி இன்றைய காணொளிகள் வரை இக்கதை மாறாமல் வருகின்றது. இக்கதையின் அமைப்பு எங்கிருந்து வந்தது, அது உண்மைச் செய்திகளோடு பொருந்துகின்றதா என்னும் இரு வினாக்களை ஈண்டு ஆராய்வோம்.

1. ஐயத்திற்கு இடமில்லாச் செய்திகள்

பாகவதர் 1910-ஆம் ஆண்டு மாயவரத்தில் பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே அவர் குடும்பம் திருச்சிராப்பள்ளிக்குக் குடிபெயர்ந்தது. அந்நகரில் இரயில்வே அதிகாரியாக விளங்கியவரும், 1914-இல் இரசிக ரஞ்சன சபையை நிறுவியவருமான எப். ஜி. நடேச ஐயர், சிறுவனாகிய தியாகராஜனை அரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசனாக மேடையேற்றினார். 1934-இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய 'பவளக்கொடி' அவரைத் திரைக்குக் கொணர்ந்தது. 'சிந்தாமணி', 'அம்பிகாபதி' என்னும் இரு படங்களும் 1937-இல் வெளிவந்து பெரும்புகழ் ஈட்டின. தொடர்ந்து 'திருநீலகண்டர்' (1939), 'அசோக்குமார்' (1941), 'சிவகவி' (1943), 'ஹரிதாஸ்' (1944) ஆகியவை வந்தன. அவர் நடித்த படங்கள் மொத்தம் 14. அவற்றுள் ஒன்பது சிறை செல்வதற்கு முன்னும், ஐந்து அதன் பின்னும் அமைந்தவை.

சி. என். இலட்சுமிகாந்தன் என்பார் 'சினிமா தூது' என்னும் வார இதழை நடத்தி, திரைக்கலைஞர்களின் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றி எழுதி வந்தார். பாகவதர், என். எஸ். கிருஷ்ணன், கோயம்புத்தூர்ப் படஅதிபர் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு ஆகிய மூவரும் மதராஸ் ஆளுநரிடம் முறையிட, அவ்விதழின் உரிமம் நீக்கப்பட்டது. பின்னர் இலட்சுமிகாந்தன் 'இந்துநேசன்' என்னும் இதழின் வாயிலாக அதே பணியைத் தொடர்ந்தார். 1944 நவம்பர் 8-ஆம் நாள் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். அவ்வழக்கில் மேற்கூறிய மூவரும் கைது செய்யப்பட்டனர். 1945 மே மாதம் உயர்நீதிமன்றத்தில் ஜூரியின் முன் நடந்த விசாரணையின் முடிவில் ஸ்ரீராமுலு நாயுடு விடுதலை பெற்றார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. இலண்டன் பிரிவி கவுன்சில் அம்மேல்முறையீட்டை மீண்டும் விசாரிக்குமாறு திருப்பி அனுப்ப, 1947 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. கொலை செய்தவர் யாவர் என்பது இன்றளவும் விடை காணாத வினாவாகவே உள்ளது.

1944 தீபாவளிக்கு வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. எனவே, அப்படம் ஓடிய காலத்தின் பெரும்பகுதியில் அதன் நாயகர் சிறையில் இருந்தார். மக்கள் அவரைத் திரையில் கண்டு கேட்டுக்கொண்டிருந்த காலமும், அவரைப் பற்றி நீதிமன்றச் செய்திகளைப் படித்த காலமும் ஒன்றே. இது பின்வரும் ஆராய்ச்சிக்கு இன்றியமையாத செய்தியாகும்.

2. படக்கதையும் வாழ்க்கைக் கதையும்

பாகவதரின் புகழுக்கு அடிப்படையாய் நின்ற படங்களின் கதைப்பொருளை ஒருசேர வைத்து நோக்கின், ஓர் ஒற்றுமை புலனாகும். 'சிந்தாமணி'யில் பரத்தைபால் மயங்கிய பில்வமங்கள் பின்னர்ப் பக்தனாகின்றான். திருநீலகண்டர் பெரியபுராணத்துள் பரத்தையர் தொடர்பால் மனைவியின் ஆணைக்கு ஆட்பட்டு, முதுமை வரை அதனைக் காத்தவர். 'ஹரிதாஸ்' பெற்றோரை இகழ்ந்து, பரத்தையிடம் பொருளிழந்து, கால்களையும் இழந்து, பெற்றோர் தொண்டினால் அவற்றை மீளப் பெற்றவனின் கதை. 'சிவகவி'யில் பொய்யாமொழிப் புலவரின் செருக்கு அடங்குகின்றது. 'அசோக்குமா'ரில் பழிசுமத்தப்பெற்ற இளவரசன் குணாளன் கண்ணிழக்கின்றான். 'அம்பிகாபதி'யில் கம்பர் மகன் காதலின் பொருட்டு அரசனின் தண்டனைக்கு ஆளாகின்றான்.

இவற்றுள் பெரும்பாலானவை தனிவாழ்வின் பிழையையோ பழியையோ மையமாகக் கொண்டவை. பிழை, இழப்பு, மனமாற்றம், அருள் என்னும் நான்கு படிகள் இவற்றுட் பலவற்றில் வருகின்றன. ஆகவே, பாகவதரைக் காணச் சென்றவர்கள் அழகனைக் கண்டனர், இசையைக் கேட்டனர், அவற்றோடு, வழுவி வருந்தி மீளும் ஒருவனையும் மீண்டும் மீண்டும் கண்டனர். அத்தகைய நடிகர் உண்மையிலேயே சிறை புகுந்தபோது, படங்களில் பயின்ற அவ்வமைப்பே அவர் வாழ்க்கையைப் புரிந்துகொள்ளும் கருவியாயிற்று. பொன் தட்டு என்னும் செய்தி முதற்படிக்குப் பொருந்தியது. சிறை இரண்டாம் படிக்குப் பொருந்தியது. இறுதிக்காலத்தில் அவர் கண்பார்வை குன்றியதாகக் கூறப்படும் செய்தியைச் சொல்வோர் பலர், குணாளன் வேடத்தை உடன் நினைவுகூராமல் அதனை முடிப்பதில்லை. நோயினால் நேர்வதற்கும் கதையில் நேர்வதற்கும் இடையே யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் கேட்போர் மனம் அத்தொடர்பை விரும்புகின்றது.

3. அரங்கத்தின் பழங்கதை

இவ்வமைப்பு திரைப்படத்தால் தோன்றியதன்று. திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே, காவிரிக்கு அப்பால், திருவரங்கத்தில் பல நூற்றாண்டுகளாக வழங்கும் விப்பிரநாராயணர் வரலாறு இதன் முழுவடிவத்தைக் காட்டும். அரங்கனுக்கு மாலை தொடுத்து வந்த அவர் தேவதேவிபால் மயங்கிப் பொருள் அனைத்தையும் இழந்தார். கோயிலின் பொன்வட்டில் அவள் மனையில் கண்டெடுக்கப்பட்டபோது, அரசன் அவரைக் கள்வரெனச் சிறையிட்டான். வட்டிலைக் கொடுத்தவர் அரங்கனே என்பது வெளிப்பட, விடுதலை பெற்றுத் தொண்டரடிப்பொடி ஆழ்வார் ஆயினார் என்று குருபரம்பரை கூறும்.

பொன், பழி, சிறை, விடுதலை என்னும் இவை அனைத்தும் பாகவதர் கதையிலும் உள்ளன. வேறுபாடு ஒன்றே. ஆழ்வார் கதையில் விடுதலைக்குப் பின் பெருவாழ்வு தொடங்குகின்றது. பாகவதர் கதையில் விடுதலைக்குப் பின் அது தொடங்கவில்லை. எதிர்பார்த்த நான்காம் படி வராமையே மக்களை வருத்தியது. அவ்விடத்தை நிரப்பவே ஊழ் என்னும் சொல் புகுத்தப்பட்டது.

பாகவதர் தாமும் இவ்வெதிர்பார்ப்பை அறிந்திருந்தார் என்று கொள்ள இடமுண்டு. விடுதலைக்குப்பின் முதலில் வந்த படத்தின் பெயர் 'ராஜமுக்தி' (1948). புதுமைப்பித்தன் உரையாடல் எழுதியது அது. 1957-இல் தாமே இயக்கிய படத்தின் பெயர் 'புது வாழ்வு'. பெயரளவில் இவ்விரண்டும் அருளும் மீட்சியும் பெற்ற நிலையையே குறிக்கின்றன. ஆயின் இரண்டும் பழைய வெற்றியைத் தரவில்லை.

4. கதையை மறுக்கும் சான்று

சிறையே பாகவதரின் கலைவாழ்வை அழித்தது என்னும் கூற்றைச் சோதிக்க வரலாறே ஓர் ஒப்பீட்டை நமக்கு வழங்கியுள்ளது. என். எஸ். கிருஷ்ணன் அதே வழக்கில் அதே தண்டனை பெற்றார். அதே தீர்ப்பினால் விடுதலையானார். ஆனால் அவர் 'நல்லதம்பி' (1949) படத்தில் நாயகராக நடித்தார். 'மணமகள்' (1951), 'பணம்' (1952) ஆகியவற்றை இயக்கினார். 1957-இல் மறையும் வரை மக்கள் அன்பை இழந்திலர். சிறை இருவர்க்கும் பொது, விளைவோ வேறு. ஆகவே காரணத்தைச் சிறையில் மட்டும் தேடுதல் பொருந்தாது.

அக்காரணம் திரைக்கலையின் மாற்றத்தில் உள்ளது. பாகவதர் உச்சத்தில் இருந்த காலத்துப் படம் பாட்டை நடுவாகக் கொண்டது. நாயகனே பாட வேண்டியிருந்தது. 1945-இல் 'ஸ்ரீவள்ளி'யில் நடிகை ஒருவராகவும் குரல் பி. ஏ. பெரியநாயகியாகவும் அமைந்தது, குரலும் உருவும் பிரிந்த புதுநெறிக்குச் சான்று. 'வேலைக்காரி' (1949), 'மந்திரி குமாரி' (1950), 'பராசக்தி' (1952) ஆகியவை உரையாடலை அரியணையில் ஏற்றின. இளங்கோவன் 'அம்பிகாபதி'யில் தொடங்கிய செந்தமிழ் உரையாடல் நெறி, பாட்டிற்குத் துணையாய் நின்ற நிலை மாறி, தானே முதன்மை பெற்றது. பாகவதர் பாணியைப் பின்பற்றிப் பாடத் தொடங்கிய டி. எம். சௌந்தரராஜன் பிறர் உருவங்களுக்குக் குரல் தந்து புகழ்பெற்றார். அந்த இசைநெறி அழியவில்லை. அதனைத் தன் உடலோடு சேர்த்துத் திரையில் காட்டும் நடிகனுக்கான இடமே அழிந்தது. சிறையில் கழிந்த இரண்டு ஆண்டிற்கு மேற்பட்ட காலம், இம்மாற்றத்தோடு அவர் இயைந்து வளரும் வாய்ப்பைப் பறித்தது எனலாம். அஃது உண்மையான இழப்பு. ஆயினும் அது காலத்தால் விளைந்த இழப்பேயன்றி ஒழுக்கத்திற்குக் கிடைத்த தண்டனை அன்று.

5. தனிவாழ்வை எழுதுவோர் கடன்

இனி, இக்கதையைச் சொல்வோர் நோக்க வேண்டிய ஒன்றுண்டு. 'சினிமா தூது' தன் வாசகர்க்கு விற்றது என்ன? புகழ்பெற்றோரின் ஒளிக்குப் பின்னே இருள் இருத்தல் வேண்டும் என்னும் நம்பிக்கையை அது விற்றது. அந்நம்பிக்கைக்குச் சான்று தேவையில்லை. பெயரின் புகழே போதும். அவ்விதழ்க்கு எதிரான முறையீட்டிலிருந்தே பாகவதரின் துன்பம் தொடங்கியது. நீதிமன்றம் அவரை விடுவித்த பின்னரும், அவர் வாழ்க்கையைப் பொன் தட்டும் வறுமையும் ஆகிய இரு முனைகளுக்கு இடையே வைத்து, இடையில் யாதோ ஒரு பிழை இருந்திருக்க வேண்டும் என்று குறிப்பால் உணர்த்தும் கட்டுரைகள் அவ்விதழின் பணியையே தொடர்கின்றன. இரங்கும் குரலில் சொல்லப்படுவதால் அது வேறாகிவிடாது. சான்றின்றிச் சொன்ன பழி பழியே. சான்றின்றிக் காட்டும் இரக்கமும் அப்பழியை ஒத்துக்கொண்டதன் அடையாளமே.

விப்பிரநாராயணர் கதையில் அரங்கனே சாட்சி கூறினான். நம் காலத்துக் கலைஞர்க்கு அச்சாட்சியைக் கூற வேண்டியவர் ஆராய்ச்சியாளர். தீர்ப்பு நகல்கள், அக்கால நாளிதழ்கள், படப் பாட்டுப் புத்தகங்கள், இசைத்தட்டுகள் ஆகியவையே ஈண்டுக் கல்வெட்டும் ஏடும் ஆவன. இவை சொல்வதை ஏற்று, சொல்லாத இடத்தில் அமைதி காத்தல் வேண்டும். கணவனாக, தந்தையாக, நோயாளியாக அவர் வீட்டினுள் எவ்வாறு வாழ்ந்தார் என்பதைச் சான்றின்றி எழுதுதல் நம் கடனன்று.

பாகவதர் 1959 நவம்பர் 1-ஆம் நாள் சென்னையில் காலமானார். அவர் உடல் திருச்சிராப்பள்ளிக்குக் கொணரப்பெற்று, சங்கிலியாண்டபுரத்தில் அடக்கமாயிற்று. அவர் நடித்த 'சிவகாமி' அடுத்த ஆண்டில் வெளிவந்தது. இறுதிவரை அவர் தொழில் செய்துகொண்டிருந்தார் என்பதற்கு அது போதிய சான்று. வீழ்ந்தவர் என்று நாம் கூறும் ஒருவர், தம் கலை மதிப்பிழந்த காலத்திலும் அதனைக் கைவிடாது உழைத்தவர் என்பதே உண்மைச் செய்திகளால் பெறப்படுவது. வீழ்ச்சிக் கதையை நீக்கிய பின்னும் எஞ்சி நிற்கும் அவ்வுழைப்பே பாகவதர் வரலாற்றின் பொருள் என்பது இக்கட்டுரையின் துணிபாகும்.