1969-இன் நம்பர் ஒன்: ஒரு கார்ட்டூன் குழுவின் பாட்டு

1969 என்றதும் ராக் இசை கேட்பவர்களுக்கு வுட்ஸ்டாக் திருவிழா ஞாபகம் வரும். ஜிமி ஹென்ட்ரிக்ஸ், பீட்டில்ஸின் 'அபே ரோட்' எல்லாம் வரிசையாக வரும். ஆனால் அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகை வெளியிட்ட அந்த ஆண்டின் பாடல் பட்டியலில் முதலிடம் 'சுகர், சுகர்' என்ற பாட்டுக்கு. பாடியது 'தி ஆர்ச்சீஸ்', அதாவது டிவி கார்ட்டூனில் வரும் ஒரு குழு! உண்மையில் பாடியவர் ஸ்டுடியோ பாடகர் ரான் டான்டே.

"மக்கள் ரசனையைப் பாருங்க" என்று இதை ரொம்ப நாள் ஜோக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வாரம் முதல் பத்துப் பாடல்களையும் உட்கார்ந்து கேட்டேன். தப்பு என் மேல்தான்.

முதலில், இந்தப் பட்டியல் எதை எண்ணுகிறது? சிங்கிள் எனப்படும் சின்ன இசைத்தட்டின் விற்பனையையும் வானொலியில் ஒலிபரப்பானதையும். 1969-இல் ராக் ரசிகர்கள் பலர் முழு ஆல்பம் வாங்கத் தொடங்கிவிட்டார்கள். லெட் செப்பலினின் முதல் இரண்டு ஆல்பங்களும் அந்த ஆண்டுதான் வந்தன. அவற்றை எத்தனை பேர் வாங்கினாலும் இந்தக் கணக்கில் ஏறாது. எங்கள் தொழிலில் இது பழகிய விஷயம்: லாகில் பதிவாகவில்லை என்பதால் அது நடக்கவே இல்லை என்று அர்த்தமில்லை.

அப்படியானால் பட்டியல் பொய்யா? அதுவும் இல்லை. இரண்டாம் இடம் ஃபிஃப்த் டைமன்ஷன், மூன்றாம் இடம் டெம்டேஷன்ஸ். ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் முதல் பத்தில் இரண்டு முறை வருகிறார்கள், ஐந்திலும் ஏழிலும். இவர்களில் ஸ்லை குழு மட்டும்தான் வுட்ஸ்டாக் மேடையில் ஏறியது. மற்ற இருவரும் நம் '1969' ஞாபகத்தில் எங்கே? அந்த ஞாபகத்தைப் பெரும்பாலும் ராக் பத்திரிகைகளும் வுட்ஸ்டாக் ஆவணப்படமும் உருவாக்கின. கறுப்பினக் கலைஞர்களின் சோல் பாடல்களைக் கேட்டவர்களும், பாக்கெட் மணியில் சிங்கிள் வாங்கிய பள்ளிப் பிள்ளைகளும் அதில் ஓரமாகப் போய்விட்டார்கள். பட்டியலில் அவர்கள் இருக்கிறார்கள்.

'சுகர், சுகர்' அவ்வளவு மட்டமான பாட்டும் இல்லை. ஜெஃப் பேரியும் ஆண்டி கிம்மும் எழுதியது. எளிய மெட்டு, ஒருமுறை கேட்டால் ஒட்டிக்கொள்ளும். அடுத்த ஆண்டே வில்சன் பிக்கெட் என்ற முரட்டுக் குரல் சோல் பாடகர் இதைப் பாடி ஹிட் ஆக்கினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். கார்ட்டூன் என்ற லேபிளை எடுத்துவிட்டாலும் பாட்டு நிற்கிறது.

கிரீடென்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் அந்த ஒரே ஆண்டில் மூன்று முறை வாரப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை வந்தார்கள். முதலிடம் ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. 'கிரீன் ரிவர்' இரண்டில் நின்றபோது முதலிடத்தில் இருந்தது 'சுகர், சுகர்'தான். அவர்கள் ரசிகனான எனக்கு இன்னமும் அது கொஞ்சம் வலிக்கிறது. ஆனால் அந்த ஜோக்கை இனிமேல் சொல்வதாக இல்லை.