கிழியாத நாளும் தாங்குகிற நாளும்

என் அலமாரியில் கிழியாத பிராக்கள் ஒன்பது இருக்கின்றன. துணியில் ஓட்டை இல்லை, தையல் பிரியவில்லை, கொக்கி ஒன்றுகூட வளையவில்லை. ஆனால் இந்த ஒன்பதில் எதைப் போட்டுக்கொண்டும் பஸ்ஸைப் பிடிக்க ஓட முடியாது. முதுகுப் பக்கம் மேலே ஏறிவிடும், தோள்பட்டி சரியும், மதியத்துக்குள் கழுத்து கனக்கத் தொடங்கும். "நல்லா உழைக்கும்மா" என்று சொல்லித்தான் ஒவ்வொன்றையும் விற்றார்கள். பொய் சொல்லவில்லை, துணி உழைத்திருக்கிறது. தாங்குவதுதான் எப்போதோ நின்றுபோயிற்று.

மார்பகம் பெரிதாக உள்ள பெண்ணுக்கு நெடுநாள் உழைக்கும் பிரா எது என்று கேட்டால், விலையையும் துணியையும் பிராண்டையும் பற்றித்தான் பேச்சு வரும். என் அனுபவத்தில் மூன்றும் அடுத்த கட்டம். வாங்கியது எத்தனை நாள் எடையைத் தாங்கியது என்று முதலில் எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் கணக்கே மாறிவிடுகிறது.

என் அத்தையின் இரண்டு தோளிலும் விரல் பதியும் அளவுக்குப் பள்ளம் உண்டு. ரவிக்கை மாற்றும்போது பார்த்திருக்கிறேன். பள்ளத்துத் தோல் கறுத்துத் தடித்திருக்கும். வெயில் நாளில் அங்கே உரசிப் புண்ணாகாமல் இருக்க, கைக்குட்டையை நாலாக மடித்துப் பட்டிக்கு அடியில் வைத்துக்கொள்வார். "கனம்டி, என்ன பண்றது" என்பார். கனத்தின் மேல் பழி போடுவது தவறு என்று எனக்குப் புரிய நாற்பது வயதாயிற்று. மார்பின் எடையை ஏந்த வேண்டியது, மார்புக்குக் கீழே உடம்பைச் சுற்றி ஓடும் பட்டி. அது விலா எலும்போடு ஒட்டி நின்றால் எடை உடம்பு முழுக்கப் பரவும். தளர்ந்திருந்தால் முழு எடையும் ஒரு விரல் அகல நாடா இரண்டில் தொங்கும். அத்தைக்கு நடந்தது அதுதான். அந்த நாடா சீக்கிரம் செத்துப்போவதற்கும் அதுவே காரணம். சுமக்கக் கூடாத எடையைச் சுமக்கிற எலாஸ்டிக் எவ்வளவு நாள் இழுத்துப் பிடிக்கும்?

பட்டி ஏன் தளர்கிறது என்பதற்குக் கடைகளில் இன்னும் புழங்கும் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். மார்புக்குக் கீழ் அளவு 34 அங்குலம், மார்பின் மேல் அளவு 41 என்று வையுங்கள். பழைய முறையில் கீழ் அளவோடு நாலைக் கூட்டுவார்கள். 34 என்பது 38 ஆகிவிடும். 41க்கும் 38க்கும் வித்தியாசம் மூன்று அங்குலம், ஆகவே சி கப். கையில் கொடுப்பது 38சி. கூட்டாமல் நேராகக் கணக்கிட்டால் வித்தியாசம் ஏழு அங்குலம். பிரிட்டிஷ் அளவுமுறையில் அது 34எஃப். ஒரே உடம்பு, இரண்டு விடை. 38சியின் கப்பும் 34டிடியின் கப்பும் ஒரே கொள்ளளவு. ஆக, கடை தந்த பிராவில் பட்டி நாலு அங்குலம் பெரிது, கப் இரண்டு அளவு சிறிது. மேலே பிதுங்குகிறது, கீழே பிடிக்கவில்லை. வாங்கிய அன்றே அது தாங்கும் வேலைக்கு ஆகாதது. மீள்தன்மை இல்லாத துணியில் தைத்தபோது மூச்சுவிட இடம் வேண்டியிருந்திருக்கலாம். இன்றைக்குப் பட்டியில் எலாஸ்டேன் நூல் இருக்கிறது. 1958இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் கண்டுபிடிக்கப்பட்டு லைக்ரா என்ற பெயரில் புகழ்பெற்ற இழை அது. அந்தத் துணியில் நாலு அங்குலம் கூட்டுவதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

கப்பின் எழுத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் வேரூன்றிவிட்டது. ஏ முதல் டி வரை நாலு எழுத்துகளை அமெரிக்கக் கச்சை நிறுவனங்கள் 1930களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தன. டி என்றால் மிகப் பெரிது, அதற்கு மேல் ஒன்றுமில்லை என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. எழுத்து தனியாக எந்த அளவையும் சொல்லாது. 32டியும் 40டியும் ஒன்றல்ல. 32டியின் கொள்ளளவு 36பிக்குச் சமம். எஃப் என்று சொன்னால் விற்கிற பெண்ணே ஒரு கணம் ஏறிட்டுப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குக் கூசியே பாதிப் பேர் 40 பி வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். போதாததற்கு நாட்டுக்கு நாடு எழுத்து மாறுகிறது. பிரிட்டிஷ் எஃப் அமெரிக்கச் சீட்டில் பெரும்பாலும் ஜி. இந்தியத் தயாரிப்புகளில் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. இணையத்தில் வாங்குகிறவர்கள் எழுத்தை நம்பாமல் எத்தனை அங்குல வித்தியாசம் என்று அளவுப் பட்டியலில் பார்ப்பதே பத்திரம்.

எண்பது சதவீதப் பெண்கள் தவறான அளவில் பிரா அணிகிறார்கள் என்று விளம்பரங்கள் அடிக்கடி சொல்கின்றன. அந்த எண் வரும் ஆய்வுகளில் ஒன்று 2008இல் ஆஸ்திரேலியாவில் வெளியானது. அதில் பங்கேற்றவர்கள் 18 முதல் 26 வயதுக்குள் முப்பதே பெண்கள். முப்பது பேரை வைத்து உலகத்துப் பெண்களுக்கெல்லாம் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் அதே ஆய்வு, மார்பு பெரிதாக ஆக அளவு பொருந்தாமல் போவதும் கூடுகிறது என்று காட்டியது. இன்னொன்றையும் நேர்மையாகச் சொன்னது: முதுகுவலிக்கும் பிரா பொருத்தத்துக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு அவர்களுக்குத் தென்படவில்லை. சரியான பிரா போட்டால் முதுகுவலி பறந்துவிடும் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். கம்பி வைத்த பிராவால் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதையும் அப்படியே தள்ளிவிடலாம். பிரா அணிவதற்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பில்லை என்று 2014இல் சியாட்டிலின் ஃபிரெட் ஹட்சின்சன் மையத்து ஆய்வாளர்கள் வெளியிட்டிருக்கிறார்கள்.

கடைக்கு வருவோம். போன ஆண்டு ஒரு பெரிய துணிக்கடையின் உள்ளாடைப் பிரிவில் நின்றேன். அந்தப் பெண் என்னை ஒருமுறை மேலிருந்து கீழ் பார்த்துவிட்டு, "அக்கா, உங்களுக்கு 40 கரெக்டா இருக்கும்" என்றாள். டேப் இல்லையா என்று கேட்டேன். "டேப்பெல்லாம் வேணாங்க்கா, பார்த்தாலே தெரியும்." போட்டுப் பார்க்கலாமா? "ட்ரையல் இல்லக்கா. எடுத்தா ரிட்டர்னும் கிடையாது." அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை, அவளுக்குப் பின்னால் இருந்த அலமாரியிலும் டிக்கு மேல் எதுவும் இல்லை. உடம்போடு ஒட்டுவதை ஊரே போட்டுப் பார்ப்பது சுகாதாரமில்லை என்று கடை சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. மெல்லிய பனியன் மேல் போட்டுப் பார்க்க விட்டால் அந்தக் கவலையும் தீர்ந்துவிடும். அதைச் செய்ய ஒரு சிறு அறையும் ஒரு டேப்பும் போதும்.

நம் ஊரில் இதைவிட வேதனை ஒன்று இருக்கிறது. பிளவுஸ் தைக்கும் தெருமுனைத் தையல்காரம்மா தோள், கை, மார்பு, இடுப்பு, கழுத்து இறக்கம் என்று அத்தனை அளவும் எடுக்கிறார். மார்பு பெரிதாக இருந்தால் சாதா கட் வேண்டாம், கட்டோரி கட் போடலாம் என்று அவரே சொல்வார். பல துண்டாக வெட்டி வளைத்துத் தைத்தால்தான் துணி உருண்டு ஏந்தும் என்பது அவர் கைக்குத் தெரிந்த கணிதம். மேலே போடும் பிளவுஸுக்கு இவ்வளவு அளவு எடுக்கிற ஊர், உள்ளே எடையைத் தாங்குகிற துணிக்கு ஒரு நம்பர் மட்டும் கேட்கிறது.

உற்பத்தியாளர் தரப்பையும் கேட்க வேண்டும். 32 முதல் 42 வரை ஆறு பட்டி அளவு, பி, சி, டி என்று மூன்று கப் என்றால் 18 அளவுகள். டிடி, இ, எஃப், எஃப்எஃப், ஜி சேர்த்தால் 48. ஒவ்வொன்றிலும் மூன்று நிறம் வைத்தால் 144 வகைச் சரக்கு தேங்கும். பெரிய கப் என்பது சிறிய கப்பை ஊதிப் பெரிதாக்கியதும் அல்ல. கம்பியின் வளைவு, துண்டுகளின் வெட்டு, பட்டியின் இறுக்கம் எல்லாம் புதிதாக வரைய வேண்டும். செலவு உண்மையானதுதான். அதை யார் தலையில் கட்டுவது என்ற கேள்விக்கு பிரிட்டனில் ஒரு தீர்ப்பு கிடைத்தது. பெரிய கப் பிராக்களுக்கு மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் நிறுவனம் 2 பவுண்டு வரை கூடுதல் விலை வைத்திருந்தது. பெக்கி வில்லியம்ஸ் என்ற பெண் எதிர்ப்பு இயக்கம் தொடங்கினார். நிறுவனத்தின் பங்கு ஒன்றை வாங்கி, பங்குதாரர் கூட்டத்திலேயே கேட்கிறேன் என்று கிளம்பினார். 2009 மே மாதம் தவற்றை ஒப்புக்கொண்டு நாளிதழ்களில் விளம்பரம் கொடுத்துக் கூடுதல் விலையை எடுத்துவிட்டார்கள். பெரிய செருப்புக்குக் கூடுதல் விலை கேட்காத கடை, பெரிய கப்புக்கு மட்டும் கேட்பது நியாயமில்லை என்றே நானும் நினைக்கிறேன். நம் ஊரில் கூடுதல் விலை கேட்பதில்லை, சரக்கே வைப்பதில்லை. இது அதைவிட மோசம்.

அளவு சரியானபின்தான் தயாரிப்பை எடைபோட முடியும். கடையில் நான் முதலில் பார்ப்பது கப்பின் துண்டுகளை. ஒரே அச்சில் வார்த்த ஃபோம் கப் பார்க்க மழமழவென்றிருக்கும். பெரிய மார்பில் அது மடிந்துபோகும், வியர்வையைப் பிடித்துவைக்கும். மார்புக்கு அடியில் வேர்க்குருவும் அரிப்பும் வர அதுவே போதும். மூன்று துண்டாக வெட்டி, பக்கவாட்டில் ஒரு துண்டு மார்பை முன்னுக்குத் தள்ளும்படி தைத்த கப்பே தாங்குகிறது. கப்பின் கீழ்ப்பாதித் துணியை விரலால் இழுத்துப் பாருங்கள், இழுபடக் கூடாது. முதுகுப் பட்டி வலைத்துணியாக, கெட்டியாக, மூன்று கொக்கி உயரம் இருக்க வேண்டும். மினிமைசர் என்று விற்பது மார்பைப் பக்கவாட்டில் பரப்பி அமுக்குகிறது. சட்டைப் பொத்தான் திறக்காமல் இருக்க உதவும், தாங்கும் திறனைக் கூட்டாது. ஓட்டத்துக்கு அமுக்கிப் பிடிக்கும் ஸ்போர்ட்ஸ் பிராவும் இப்படித்தான். மார்பு மேலும் கீழுமாக மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் அசைகிறது என்பதை பிரிட்டனின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்து ஆய்வுக் குழு அளந்து காட்டியிருக்கிறது. இரண்டு மார்பையும் தனித்தனிக் கப்பில் ஏந்துவது மட்டுமே பெரிய மார்புக்கு ஆகும்.

போட்டபின் நான் வைக்கும் சோதனை ஒன்றுதான். கடைசி, அதாவது மிகத் தளர்வான கொக்கியில் மாட்டிக்கொண்டு, இரண்டு தோள்பட்டியையும் தோளிலிருந்து இறக்கிவிடுவேன். மார்பு அப்படியே நின்றால் பட்டி வேலை செய்கிறது. சரிந்து விழுந்தால், அது எவ்வளவு விலையானாலும் வேண்டாம். தளர்ந்த கொக்கியில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. எலாஸ்டிக் நாளாக ஆக நீளும், அப்போது உள்கொக்கிக்கு மாறலாம். முதல் நாளே உள்கொக்கியில் மாட்டினால் பிராவின் பாதி ஆயுளைத் தொலைத்துவிட்டோம்.

இனி என் கணக்கு. மூன்று வகையில் மும்மூன்று வாங்கி மாற்றி மாற்றிப் போட்டுக் குறித்துவைத்தேன். சந்தைக் கடையில் 250 ரூபாய் காட்டன் பாடி, மூன்றும் 750. ஐந்து மாதம் கிழியவில்லை, ஆனால் தோள்பட்டிச் சோதனையில் ஒரு மாதம்தான் தேறியது. இந்தியத் தயாரிப்பு, மூன்று துண்டுக் கப், கம்பி வைத்தது, 1,100 வீதம் 3,300. எட்டு மாதம் தாங்கியது. இறக்குமதியான பிரிட்டிஷ் பிரா 4,500 வீதம் 13,500. பதினெட்டு மாதம் தாங்கியது. தாங்கிய மாதத்துக்கு வகுத்தால் காட்டன் பாடி 750 ரூபாய், இறக்குமதியும் 750 ரூபாய், நடுவில் இருப்பது ஏறக்குறைய 412. மலிவு என்று நான் இருபது வருடம் வாங்கியதும், ஆடம்பரம் என்று ஒதுக்கியதும் ஒரே விலையில் வந்து நின்றபோது நெஞ்சு கனத்தது. இது ஒரு உடம்பின் கணக்கு, ஒரு ஊரின் வெயிலில் போட்டது. மற்றவர்களுக்கு எண்கள் மாறலாம்.

வெயில் என்றதும் துவைப்பதைச் சொல்லாமல் விட முடியாது. இரவு முழுக்க சோப்புத்தூளில் ஊறவைத்து, கல்லில் தேய்த்து, உச்சிவெயிலில் மொட்டைமாடிக் கொடியில் தோள்பட்டியைப் பிடித்துத் தொங்கவிடுவது நம் வழக்கம். எலாஸ்டேனுக்கு சூடு ஆகாது, குளோரின் பிளீச் ஆகாது. ஈரத்தின் கனத்தில் தொங்கும் தோள்பட்டி நீண்டுகொண்டே போகும். பச்சைத் தண்ணீரில் கையால் அலசி, முறுக்காமல் துண்டில் ஒற்றி, நிழலில் நடுப்பகுதியைக் கொடியில் போட்டுக் காயவைத்தால் போதும். மெஷினில் போட்டே ஆக வேண்டுமென்றால் கொக்கியை மாட்டி வலைப்பையில் போடுங்கள். கம்பி வெளியே எட்டிப்பார்த்தால் தூக்கிப்போட வேண்டியதில்லை. முனையை உள்ளே தள்ளி, ஒரு விரல்நகம் அளவு கெட்டித் துணியை ஓரத்தில் வைத்து நெருக்கித் தைத்தால் இன்னும் பல மாதம் வரும். அடுத்தடுத்த நாள் ஒன்றையே போடாமல், எலாஸ்டிக் தன் நிலைக்குத் திரும்ப ஒரு நாளாவது விடுங்கள்.

என் தீர்ப்பு இதுதான். வித்தியாசம் ஐந்து அங்குலம், அதாவது டிடி வரை உள்ளவர்கள், மூன்று துண்டுக் கப்பும் மூன்று கொக்கியும் உள்ள இந்தியத் தயாரிப்பை மூன்றாக வாங்கலாம். விலைக்கும் தாங்கலுக்கும் அதுவே பொருந்துகிறது. ஆறேழு அங்குலத்துக்கு, சில இந்திய நிறுவனங்கள் இப்போது இ, எஃப் கொண்டுவருகின்றன. கிடைத்தால் எடுங்கள். அதற்கும் மேலே போனால் பனாஷ், ஃபேன்டஸி, எலோமி போன்ற பிரிட்டிஷ் பெயர்களைத் தவிர நான் துணிந்து சொல்ல ஒன்றுமில்லை. அங்கேகூட 1995இல் சாரா ட்ரெமெலன் என்பவர் கர்ப்பகாலத்தில் தனக்கேற்ற பிரா கிடைக்காமல் பிராவிஸிமோ என்ற நிறுவனத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. காட்டன் பாடியை வீட்டில் படுத்திருக்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், வேலைக்குப் போக ஆகாது. பேட் வைத்த ஃபோம் கப்பை எந்த விலையிலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உள்ளாடைக் கடை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விற்கிற பிள்ளைகளுக்கு மார்புக்குக் கீழே டேப் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள், நாலு கூட்டுவதை இன்றே நிறுத்துங்கள். படிக்கிற பெண்களே, அடுத்த முறை யாராவது கண்ணால் பார்த்து "உங்களுக்கு 40" என்றால் வாங்கிவிடாதீர்கள். அளந்து சொல்லுங்கள் என்று கேளுங்கள்.