பின்னலுக்கு நடுவே ஒரு நாவல்

கம்பளி பின்னுகிறவருக்குப் பேரிலக்கியம் படிக்க நேரம் ஏது என்பார்கள். கை இரண்டும் ஊசியில் இருந்தாலும் காது சும்மாதானே இருக்கிறது. விட்டுப்போன நாவலை ஒலிநூலாகக் கேட்கலாம். கவனம் சிதறாதா என்றால், காலுறையின் குதிகால் பகுதியில் கண்ணிகளை எண்ண வேண்டும், அப்போது நிறுத்தத்தான் வேண்டும். நேரான சுற்றுகளில் விரலே கணக்கைப் பார்த்துக்கொள்ளும். அதோடு, பின்னுகிறவருக்கு மட்டும் பிடிபடும் இடங்கள் கதையில் உண்டு. வர்ஜீனியா வுல்ஃபின் 'டு தி லைட்ஹவுஸ்' (1927) நாவலில் திருமதி ராம்ஸே, கலங்கரை விளக்கக் காவலரின் மகனுக்குக் காலுறை பின்னுகிறார். பாதி பின்னியதைத் தன் மகன் ஜேம்ஸின் காலோடு வைத்து அளக்கிறார். அவன் அசைந்துகொண்டே இருக்கிறான், காலுறையோ நீளம் போதவில்லை. மற்றவர்கள் சட்டென்று கடந்துவிடும் அந்த இடத்தில், இன்னும் எத்தனை சுற்று பாக்கி என்று பின்னுகிறவரின் மனம் எண்ணத் தொடங்கிவிடும்.