அளக்கப்பட வேண்டிய தூரம்

கொலை நிகழ்ந்த நிலத்தைச் சுற்றுலாப் பொருளாக்குதல் தகுமா என்னும் வினா, ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரச் சபைகளுக்கு அயலானதன்று. ஒகேனக்கலுக்கு அருகே, காவிரியின் மறுகரையில், கர்நாடக எல்லைக்குள் உள்ள கோபிநத்தம் வீரப்பன் பிறந்த ஊர். அங்குக் கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் அமைத்த முகாமின் பெயரிலேயே ‘மிஸ்டரி’, அதாவது மர்மம், என்னும் சொல் இடம்பெற்றது. நம் திறனாய்வு இச்சொல்லைப் பற்றியதே.

1991 நவம்பர் 10இல் வன அதிகாரி பி. ஸ்ரீநிவாஸ், வீரப்பன் சரணடைவான் என நம்பிச் சென்று கொல்லப்பட்டார். இதில் மர்மம் ஏதுமில்லை. 2002 ஆகஸ்டில் கடத்தப்பட்ட கர்நாடக முன்னாள் அமைச்சர் எச். நாகப்பா, டிசம்பரில் எல்லைக் காட்டில் பிணமாகக் காணப்பட்டார். சுட்டது காவற்படையே என்றான் வீரப்பன், காவல்துறை மறுத்தது. 2004 அக்டோபர் 18இல் வீரப்பனும் சுட்டுக் கொல்லப்பட்டபின், அவ்வழக்கில் அவன் வாய்மொழியும் அடங்கிற்று. விடையின்மை இழந்தோருக்குத் துயரம். அதையே பயணிக்குச் சுவையாக்குவது முறையோ?

உபாகமம் 21ஆம் அதிகாரம் இதற்கு வேறு வழி காட்டுகிறது. வெளியிலே கொலையுண்டு கிடப்பவனைக் கொன்றவன் இன்னாரென்று தெரியாதபோது, மூப்பரும் நியாயாதிபதிகளும் சுற்றுப்பட்டணங்களுக்குள்ள தூரத்தை அளக்க வேண்டும். மிக அண்மையிலுள்ள பட்டணத்தின் மூப்பர் கைகழுவி இறைவனிடம் மன்னிப்பு வேண்ட வேண்டும். கொலைஞன் அறியப்படாமையால் பொறுப்பு ஒழிவதில்லை. அது அருகில் வாழ்வோர் மேல் வருகிறது. சுற்றுலாவும் தூரத்தை அளக்கிறது. ஆனால் பயணச் செலவைக் கணக்கிடுவதற்காக.

முகாமினால் ஏழைகளுக்கு வேலை கிடைக்குமே என்பர். அந்நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் எவர் கதை விற்கப்படுகிறது, எவர் கதை விடப்படுகிறது என்று கேட்கவேண்டும். வீரப்பனைத் தேடிய அதிரடிப்படையினரால் துன்புற்றோருள் 89 பேருக்கு இழப்பீடு வழங்குமாறு தேசிய மனித உரிமை ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. மீசையும் துப்பாக்கியும் முதன்மை பெறும் கதையில் இவர்களுக்கு இடமேது? மாறாக, கோபிநத்தத்தில் ஸ்ரீநிவாஸ் கட்டிய மாரியம்மன் கோயில், அவர் அம்மக்களுக்கு ஆற்றிய தொண்டை நினைவூட்டுகிறது. நினைவு வேறு, வேடிக்கை வேறு என்பதற்கு இதுவே சான்று.

ஆகவே நம் வாலிபர் சங்கங்கள் அக்காட்டுக்குச் சென்றால், கொள்ளைக்காரனின் ஒளிவிடத்தை மட்டும் தேடாதிருக்கட்டும். இழந்தவர்களின் பெயரை அறிந்து, அவர்களுக்கு இன்னும் கிட்டாத நீதி எதுவென்று விசாரிக்கட்டும். அண்மையிலுள்ள பட்டணத்தார் நாமே.