செய்தவர் பெயர் எங்கே?

லண்டன் டேட் கலைக்கூடத்தின் சேகரிப்பில் மார்செல் டூஷாம்பின் ‘நீரூற்று’ இருக்கிறது. ஆண்கள் சிறுநீர் கழிக்கும் பீங்கான் கலம், மல்லாத்தி வைத்தது. விளிம்பில் கறுப்பு வண்ணத்தில் ‘ஆர். மட் 1917’ என்று கையெழுத்து. ஆலைச் சரக்கை அப்படியே எடுத்துக் கலையாக முன்வைத்த செயல் என்று கலை வரலாறு இதைப் போற்றுகிறது. ஆனால் டேட்டில் இருப்பது ஆலையிலிருந்து வந்த பொருள் இல்லை. 1917-இன் அசல் தொலைந்துபோயிற்று. 1964-இல் மிலான் நகரக் கலை வணிகர் அர்துரோ ஷ்வார்ட்ஸ், டூஷாம்பின் ஒப்புதலோடு, பழைய புகைப்படத்தை வைத்து எட்டுப் பிரதிகள் செய்வித்தார். மண்ணில் செய்து சுட்டு, பீங்கான் போலத் தோன்ற மேலே வண்ணம் தீட்டினார்கள். ஆலைப் பொருள் கலையாயிற்று. கலையான பிறகு கைவேலையாகத் திரும்பி வந்தது. அந்தக் கைக்கு உரியவரின் பெயர் விளிம்பில் இல்லை.

அன்றாடப் பொருள் கலையாகும் இந்தத் துறையில் நூறாண்டுக்கும் மேலாக ஒரே கேள்விதான் ஓங்கி ஒலித்துவந்திருக்கிறது: இது கலையா? விமர்சகர்கள் கேட்டார்கள், நீதிபதிகளும் சுங்க அதிகாரிகளும்கூடக் கேட்டார்கள். விடை கிடைத்து வெகுகாலம் ஆகிவிட்டது. அதன் பக்கத்திலேயே நிற்கும் இன்னொரு கேள்வியைத்தான் நாம் போதிய அளவு கேட்கவில்லை. இந்தப் பொருளைச் செய்தவர் யார்?

தேர்வு என்னும் செயல்

1913-இல் பாரிஸில் டூஷாம்ப் ஒரு சைக்கிள் சக்கரத்தை ஃபோர்க்கோடு தலைகீழாக்கிச் சமையலறை ஸ்டூலில் பொருத்தினார். மறுவருடம் கடையில் ஓர் இரும்பு அடுக்கு வாங்கினார். கழுவிய பாட்டில்களைக் கவிழ்த்துக் காயவைப்பது. அவர் நியூயார்க் போனபின், பட்டறையை ஒழித்துச் சுத்தம் செய்த தங்கை சுசான் இரண்டையும் குப்பையில் போட்டுவிட்டார். அவர் கண்ணுக்கு அவை பொருள்கள்தாம். நியூயார்க்கில் 1915-இல் டூஷாம்ப் பனி அள்ளும் மண்வாரி ஒன்றை வாங்கிப் பெயர் சூட்டினார். துணிக்கடையில் நாம் புழங்கும் ‘ரெடிமேட்’ என்ற சொல்லையே இவ்வகைப் படைப்புகளுக்கும் வைத்தார்.

1917-இல் நியூயார்க்கின் சுதந்திரக் கலைஞர் சங்கம் ஒரு கண்காட்சி நடத்தியது. 6 டாலர் கட்டியவர் எவரும் படைப்பை வைக்கலாம், தேர்வுக்குழு கிடையாது என்பது விதி. ஆர். மட் என்ற பெயரில் ‘நீரூற்று’ வந்ததும் விதியை மீறி அதை வைக்க மறுத்தார்கள். இயக்குநர்களில் ஒருவரான டூஷாம்ப் பதவி விலகினார். ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் எடுத்த புகைப்படத்தோடு ‘தி பிளைண்ட் மேன்’ என்ற சிற்றிதழ் அதற்காக வாதாடியது. மட் தன் கையால் செய்தாரா என்பது முக்கியமில்லை, அவர் அதைத் தேர்ந்தெடுத்தார் என்பதே வாதத்தின் சாரம். இந்தத் துறை முழுவதும் அந்த வாதத்தின் மேல்தான் நிற்கிறது.

தேர்ந்தெடுத்தவர் யார் என்பதிலேயே வழக்கு தீரவில்லை. தோழி ஒருத்தி ஆண் பெயரில் அதை அனுப்பினாள் என்று 1917 ஏப்ரலில் டூஷாம்ப் தங்கைக்கு எழுதியிருக்கிறார். அந்தத் தோழி கவிஞர் எல்சா ஃபொன் ஃப்ரைடாக்-லோரிங்ஹோஃபன்தான் என்று ஆய்வாளர் சிலர் வாதிடுகிறார்கள். பொறுக்கி எடுத்தவரின் பெயருக்கு இத்தனை மல்லுக்கட்டு. வார்ப்பில் ஊற்றிச் சூளையில் சுட்டு எடுத்த தொழிலாளியைப் பற்றிய பேச்சோ மிக அரிது.

சுங்கச்சாவடியில் கலை

1926-இல் சிற்பி பிரான்குசியின் ‘வெளியில் பறவை’ என்ற வெண்கலச் சிற்பம் கப்பலில் நியூயார்க் வந்து இறங்கியது. சிற்பத்துக்கு வரி இல்லை. ஆனால் இறகும் அலகும் இல்லாத அந்தப் பளபளக்கும் உருவைச் சுங்க அதிகாரிகள் உலோகச் சாமான்களின் கணக்கில் சேர்த்து 40 சதவீத வரி போட்டார்கள். வழக்கு நடந்தது. நல்ல மெக்கானிக் ஒருவர் தேய்த்து மெருகேற்றி இதைச் செய்துவிட முடியாதா என்று சாட்சி சொல்ல வந்த சிற்பி ஜேக்கப் எப்ஸ்டைனைக் கேட்டார்கள். மெருகேற்றலாம், மனத்தில் உருவாக்க முடியாது என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். 1928-இல் தீர்ப்பு பிரான்குசியின் பக்கம் வந்தது. கலைக்கு அது வெற்றி. அதே சாட்சியத்தில் கருத்து ஒரு பக்கமும் கை ஒரு பக்கமுமாகப் பிரிந்தன. கைக்குக் கீழ்ப்படி கிடைத்தது.

1964-இல் ஆண்டி வார்ஹோல் பிரில்லோ பெட்டிகளை நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தார். பாத்திரம் தேய்க்கும் பிரில்லோ பஞ்சு கடைக்கு வரும் அட்டைப்பெட்டியின் அச்சு அசல் உருவம், ஒட்டுப்பலகையில். மறுவருடம் கனடா சுங்கத்துறை அவற்றை வணிகச் சரக்கு என்று வரி கேட்டது. கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு பெட்டிகளில் ஒன்று மட்டும் ஏன் கலை என்று தத்துவவாதி ஆர்தர் டான்டோ கேட்டார். கண் பிரித்தறியாததைக் கலை பற்றிய அறிவும் கோட்பாடும் பிரித்தறிகின்றன என்பது அவர் விடை. அசல் அட்டைப்பெட்டியை வடிவமைத்தவரும் ஓர் ஓவியரே. அவர் ஜேம்ஸ் ஹார்வி. பிழைப்புக்கு விளம்பர வேலை, மனத்துக்கு அரூப ஓவியம். அவர் தீட்டிய சிவப்பும் நீலமும் உலகப் புகழ் பெற்றன. அவரை அறிந்தவர் சிலரே.

பொருளே அழகு என்றவர்கள்

இன்னொரு வழியும் இருந்தது. 1934-இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் ஃபிலிப் ஜான்சன் ‘இயந்திரக் கலை’ என்ற கண்காட்சியை அமைத்தார். சுருள்வில், கப்பல் விசிறி, ஆய்வகக் கண்ணாடிக் குடுவை, பால் பேரிங் ஆகியவை சிற்பங்களைப்போல் பீடமேறின. டூஷாம்ப் அழகுக்காக எதையும் எடுக்கவில்லை. கண்ணுக்குப் பிடிப்பதும் பிடிக்காததும் இல்லாத பொருளையே தேடியதாகச் சொன்னவர். ஜான்சனோ வடிவத்தின் அழகைக் காட்டவே அவற்றை எடுத்துவைத்தார். அவருடைய பட்டியலில் உற்பத்தி செய்த நிறுவனங்களின் பெயர்கள் இருந்தன. பட்டறைத் தொழிலாளி வரை அது போகவில்லை என்றாலும், பொருளுக்குப் பிறப்பிடம் உண்டு என்பதையாவது ஒப்புக்கொண்டது.

இந்தியப் பாத்திரங்கள்

நம் நாட்டில் இந்தக் கலை வேறு முகம் எடுத்தது. பீகாரில் பிறந்த சுபோத் குப்தா, 2006-இல் எவர்சில்வர் பாத்திரங்களைக் கோத்துப் பிரம்மாண்டமான மண்டையோடு ஒன்றை உருவாக்கினார். மறுவருடம் அது வெனிஸ் நகரக் கால்வாய்க் கரையில் நின்றது. பெங்களூரில் வாழும் ஷீலா கௌடாவின் ‘பிஹோல்ட்’ 2009-இல் அதே வெனிஸில் இடம்பெற்றது: கார் பம்பர்கள் இருபது, அவற்றைத் தாங்கும் முடிக்கயிறு நான்கு கிலோமீட்டர். கோயிலில் காணிக்கையாகக் கொடுத்த முடியைத் திரித்த கயிறு. கண்ணேறு படாமலிருக்க வண்டியில் கட்டுவது. சாலைப் பணியாளர்கள் தட்டி விரித்துக் குடிசைக்குப் பயன்படுத்தும் தார் டிரம் தகடுகளையும் கௌடா எடுத்தாண்டிருக்கிறார். அவர் படைப்புகளின் முன் நிற்கும்போது தட்டிய கை, திரித்த கை, வேண்டிக்கொண்டு முடி கொடுத்த தலை எல்லாம் நினைவில் எழுகின்றன. டூஷாம்ப் பொருளின் பழைய வாழ்வைத் துடைத்தார். கௌடா அதைக் கூடவே அழைத்துவருகிறார். இதுவே மேலான வழி என்பது என் துணிபு.

தமிழ் வீடுகளின் பரணில் உள்ள எவர்சில்வர் தூக்கையும் சம்படத்தையும் எடுத்துப் பாருங்கள். விளிம்போரம் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும்: சீர் கொடுத்த தாய்மாமன் பெயர், வாங்கிய வீட்டம்மா பெயர், கல்யாணத் தேதி. ஆர். மட்டின் கையெழுத்தைப்போல அதுவும் ஆலைப் பொருளை ஒரே ஒரு பொருளாக்குகிறது. கொடுத்தவர் பெயரும் பெற்றவர் பெயரும் அதில் உண்டு. தகட்டை அழுத்தி, வளைத்து, பாலீஷ் போட்டவர் பெயர் அங்கேயும் இல்லை.

அருங்காட்சியகங்களுக்கு ஒரு வேண்டுகோள். கலைஞர், ஆண்டு, நன்கொடையாளர் என்று எழுதும் சிறு பலகையில் இன்னும் ஒரு வரி சேருங்கள்: எந்த ஊரில், எந்தப் பட்டறையில், யார் கையில் உருவான பொருள் என்று. பெயர் தெரியாவிட்டால், தெரியவில்லை என்றே எழுதுங்கள். அந்த ஒரு சொல்லாவது செய்தவருக்கு உரிய இடத்தை வைத்திருக்கும்.