தேம்பாவணியில் நெஞ்சக்காவல்

பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து 2007-இல் பிரிந்தமைந்த அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடபால் உள்ளது ஏலாக்குறிச்சி. அதற்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு வழங்கியவர் வீரமாமுனிவர். அப்பெயரிலுள்ள காவல், அங்கு எழுந்தருளிய அடைக்கல மாதாவின் காவலே என்பர். திருக்காவலூர்க் கலம்பகம் பாடிய புலவர்க்கு அப்பொருள் உடன்பாடே. ஆயினும் 1726-இல் அவர் இயற்றிய தேம்பாவணியை நோக்குவார்க்கு மற்றுமொரு காவல் புலனாகும். அஃது ஒருவன் தன் நெஞ்சுக்குத் தானே இடும் காவல். அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட இப்பெருங்காப்பியத்தின் தலைவன் சூசை என்னும் வளன். குறையற்ற சான்றோனைத் தலைவனாக்கியதால் காப்பியத்துள் அகப்போராட்டம் இல்லாது போயிற்று என்று குறை கூறுவோர் உளர். இக்கூற்று யாம் ஏற்கத்தக்கதன்று. சோதனை என்றவுடன் காமமும் பொருளாசையும் பேயின் மருட்சியுமே நினைவுக்கு வருதலால் நேர்ந்த மயக்கம் இது. முனிவர் தம் தலைவனுக்கு வைத்த சோதனை இவற்றினும் நுண்ணியது.

பாலமாட்சிப் படலத்திலேயே இதற்கு அடிகோலப்படுகிறது. துறவு வேட்டுக் காடு நோக்கிய இளம் வளனை, முதியோன் வடிவில் வந்த வானவன் தடுத்து மனைக்குத் திருப்புகிறான். உலகை விட்டு ஓடுதல் காவலாகாது என்பது குறிப்பு. பின்னர் ஈரறம் பொருத்து படலத்தில், மணம் புணர்ந்த இருவரும் கன்னிமை நோன்பைக் காத்து இல்லறத்துள்ளேயே துறவறம் பேணுகின்றனர். படலத்தின் பெயரே கொள்கையை உரைக்கிறது. சிறைவைத்துக் காக்கும் காவலால் பயனில்லை, நிறையால் காத்தலே தலையாயது என்னும் வள்ளுவர் கருத்து, குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்த முனிவர்க்குப் புதிதன்று. (காமத்துப்பாலை அவர் விட்டமையே அவர்தம் நெஞ்சக்காவல் என நகைப்பாரும் உளர். நகை நன்று; ஆராய்ச்சிக்கு அது போதாது.)

காட்டை விட்டு மனைக்கு வந்தவனை மனையிலேயே சோதனை எதிர்கொள்கிறது. ஐயந்தோற்று படலத்தில் மரியாளின் கருப்பக் குறிகளை வளன் காண்கிறான். அவள் தூய்மையை அவன் நெஞ்சு அறியும்; கண் கண்டதோ வேறு. இரண்டும் சான்றுகளே, இரண்டையும் தள்ளுதற்கில்லை. இங்குச் சோதனை தீய ஆசையின் வடிவில் வரவில்லை. நீதிமான் என்னும் அவனது பண்பின் வாயிலாகவே வருகிறது. நீதியை விரும்பாதவனுக்கு இவ்வையம் இத்துணைத் துன்பம் தந்திராது. பழியை வாய்விட்டு உரையாமல், அவளை இகழாமல், தான் அகன்று போதலே தக்கது என எண்ணும் வளனிடத்தில் நெஞ்சக்காவலின் வன்மையும் எல்லையும் ஒருங்கே விளங்குகின்றன. நாவைக் காத்தான், எனினும் கலக்கத்தினிடையே முடிவொன்று செய்துவிட்டான்.

இவ்விடத்தில் முனிவர் இயேசு சபைத் துறவி என்பதை மறத்தலாகாது. அச்சபையை நிறுவிய இஞ்ஞாசியார் 1548-இல் வெளிவந்த தம் ஆன்மிகப் பயிற்சி நூலில், உள்ளம் வறண்டு இருண்ட வேளையில் முன்செய்த உறுதியை மாற்றலாகாது என விதிக்கிறார். பகைவன் கோட்டையைச் சுற்றிவந்து மெலிந்த பக்கத்தில் தாக்கும் படைத்தலைவன் போல்வான் என்றும், மறைவை விரும்பும் கள்ளக் காதலன் போல்வான் என்றும் உவமிக்கிறார். வளன் தன் ஐயத்தை எவரிடமும் திறவாது உள்ளே வைத்திருந்தமையும், அந்நிலையில் பிரிவைத் துணிந்தமையும் இவ்விதிகளோடு ஒப்பிட்டுக் காணத்தக்கன. கதைக்கு மூலமான ஆகிரேதா மரியாளின் நூலை மட்டும் காட்டி அமைவோர் இத்தொடர்பைக் காணாது விடுகின்றனர்.

1894-இல் வெளிவந்த கிருட்டிணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் பனியனின் நூலைத் தழுவியது. அங்குச் சோதனைகள் வழியிலே ஆட்களாகவும் ஊர்களாகவும் எதிர்ப்படுகின்றன. பயணி அவற்றைக் கடந்து செல்லலாம். வளனுக்குக் கடந்து செல்ல வழியில்லை. சோதனைக்குக் காரணமானவளும் அவன் பெரிதும் போற்றுபவளும் ஒருத்தியே. இவ்வகையில் தேம்பாவணியே ஆழமுடையது என்பது எம் துணிபு.

குறையும் உண்டு. ஐயநீங்கு படலத்தில் வானவன் தோன்றி உண்மை உரைக்க ஐயம் தீர்கிறது. இது மத்தேயு நற்செய்தி வகுத்த வழி, புலவர் மாற்றவியலாது. எனினும் கற்போர் மரியாளின் தூய்மையை முன்னரே அறிந்தவராதலால், வளனின் துன்பத்தில் அவர்க்கு இரக்கம் பிறக்குமேயன்றி அச்சம் பிறப்பதில்லை. வருணனைகளைக் குறைத்து வளனின் உள்ளத்திலே புலவர் இன்னும் சிறிது தங்கியிருக்கலாம்.

முனிவர் வேதியரொழுக்கம் என்னும் உரைநடை நூலையும் எழுதினார். அது குருக்களுக்கன்று, ஊரில் மக்களிடையே வாழ்ந்து வேதம் போதித்த உபதேசியார்களுக்கு உரியது. மடத்துச் சுவர் அவர்களுக்கு இல்லை. காட்டிலிருந்து மனைக்குத் திருப்பப்பட்ட வளனை அத்தகையோர் எவ்வாறு கேட்டிருப்பர் என்னும் நோக்கில் இவ்விரு நூல்களையும் இணைத்துப் பயிலும் ஆய்வு இனிச் செய்தற்குரியது.