பேய்க்கும் சாதி தெரியும்

நம்ம பக்கத்து ஊர்களில் பேய் யாரைப் பிடிக்கிறது என்று ஒரு கணக்கு எடுத்துப் பாருங்கள். ஆம்பளையைப் பிடித்ததாகப் பெரும்பாலும் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பண்ணையார் மருமகளைப் பிடித்ததாக நான் கேட்டதே இல்லை. களையெடுத்துவிட்டு உச்சி வெயிலில் தனியாகத் திரும்புகிற சேரிப் பொம்பளைதான் அதன் கண்ணுக்குத் தெரிகிறாள்.

இதைத் தமிழ் நாவலுக்குள் ஒரு கேள்வியாகவே வைத்தவர் பாமா. ‘சங்கதி’யில் (1994) பேய் பிடித்த பெண்களின் கதைகளைச் சொல்லிக்கொண்டே வருகிறவர், நம்ம சாதிப் பொம்பளைகளை மட்டும் ஏன் பிடிக்கிறது என்று நின்று யோசிக்கிறார். காட்டிலும் வேலை, வீட்டிலும் வேலை, புருசன் அடி, தூக்கம் கிடையாது. மனசு தாங்க முடியாமல் போகிற இடத்தில்தான் பேய் வருகிறது என்று அவர் யோசனை போகிறது. மனநோய் பற்றித் தமிழில் வந்த எழுத்துகளில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். ஆனால் அதை அப்படி யாரும் வாசித்த மாதிரித் தெரியவில்லை.

நம் ஆய்வாளர்களிடம் ‘நாட்டார் வழக்காறு’ என்று ஒரு பெட்டி இருக்கிறது. உடுக்கு, வேப்பிலை, கோடாங்கி பாட்டு எல்லாம் அதில் அழகாக அடங்கிவிடும். (எம்.ஏ. தமிழ் படிக்கும்போது எனக்கும் அந்தப் பெட்டியைத்தான் கொடுத்தார்கள்.) அவள் எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்பது மட்டும் அதில் அடங்காது. பகுத்தறிவு பேசுகிறவர்களோ மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார்கள். இரண்டு தரப்பும் பேயைத்தான் பார்த்தது. பேயாடும்போது அவள் என்ன பேசுகிறாள் என்று கேட்க வேண்டாமா? புருசனை ‘வாடா போடா’ என்கிறாள். கூலியைக் குறைத்த பண்ணையாரைப் பேர் சொல்லி ஏசுகிறாள். மத்த நாளில் இதில் ஒரு சொல்லைப் பேசியிருந்தால் பல்லு இருந்திருக்காது. பேய் வந்த அந்த ஒரு மணி நேரம் மட்டும் அவள் பேச்சை ஊர் உட்கார்ந்து கேட்கிறது. அப்புறம் உச்சி முடியைப் பிடுங்கிப் புளியமரத்தில் ஆணி வைத்து அடித்துவிடுகிறார்கள். பேச்சும் அத்தோடு சரி.

அதே நோவுக்குத் தெருவுக்குத் தெரு பேர் மாறுகிறது. மேலத்தெருவில் அது ‘டென்ஷன்’, இப்போது ‘டிப்ரஷன்’. நம்ம தெருவில் திமிரு, சோம்பேறித்தனம். ஆம்பளை என்றால் குடிகாரப் பய. ஒருத்தனை மட்டம் தட்ட வேண்டுமென்றால் ‘கீழ்ப்பாக்கத்துல சேக்கணும்’ என்று சினிமாவில் சொல்லிச் சிரித்தார்கள், நாமும் சிரித்தோம். வெள்ளைக்காரன் காலத்தில் 1794ல் தொடங்கி, 1871ல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்த ஆஸ்பத்திரி அது. அங்கே போனால் குணமாகும் என்பது ஊருக்குத் தெரியவில்லை. அங்கே போனால் மானம் போகும் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கிறது.

மானத்துக்குப் பயந்தவர்களும் காசில்லாதவர்களும் வேறு எங்கே போவார்கள்? ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடிக்கு எல்லா மதத்துச் சனமும் போனது. 2001 ஆகஸ்டு 6 அதிகாலையில் அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். காலில் சங்கிலி. ஓட முடியவில்லை. சங்கிலி போடக் கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டம் சொன்னது 2017ல்.

எங்க சின்னம்மாவுக்குச் சங்கிலி போடவில்லை. மூணு மாசம் கோடாங்கி பார்த்தார்கள், அப்புறம் ஒரு பெரியாஸ்பத்திரிக்கு நான் கூட்டிப் போனேன். டாக்டர் நல்லவர்தான், கத்தவில்லை. ஆனால் வரிசையில் அத்தனை பேர் நிற்கும்போது ஒருத்தருக்கு எத்தனை நிமிசம் கொடுக்க முடியும்? மாத்திரை எழுதினார். சின்னம்மா தூங்கினாங்க, அழுகை நின்றது, சோறு இறங்கியது. ஒன்றே ஒன்றுதான் கோளாறு. மாத்திரை போட்டால் விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிக்க முடியவில்லை. எந்திரிக்கலைன்னா நடவு இல்லை, கூலி இல்லை. எத்தனை மணிக்கு வேலைக்குப் போவீங்க என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. ‘மருந்து நல்லாத்தான் இருக்கு, எனக்குத்தான் தோதுப்படல’ என்றாங்க சின்னம்மா.

நம் இயக்கத் தோழர்களிடம் இதைப் பேசிப் பார்த்தால் இன்னொரு சுவர். ‘எல்லாம் சாதிதான் தோழர், சாதி போனால் சரியாயிடும்’ என்கிறார்கள். அவர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் விடுதியை விட்டு வெளியேற்றப்பட்ட ரோஹித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று இறந்துபோனபோது, அது அவருடைய சொந்த விரக்தி என்று அரசு போட்ட விசாரணை ஆணையம் எழுதியது. நம்ம சாவில் ‘மனசு’ என்ற சொல்லை அவர்கள் கொண்டுவருவதே சாதியை வெளியே தள்ளுவதற்குத்தான். சரி. அதற்காக மனசு என்ற ஒன்றே நமக்குக் கிடையாது என்று நாமும் சொல்ல வேண்டுமா? அடிக்கிறது சாதி, அடிபட்ட இடம் மனசு. கால் ஒடிந்தவனிடம் சாதி ஒழியட்டும், அப்புறம் மாவுக்கட்டு போடலாம் என்று சொல்வோமா?

சின்னம்மா நடவுக் காலத்தில் மாத்திரையைத் தானாக நிறுத்திவிடுறாங்க. ரெண்டு வாரத்தில் பழையபடி தூக்கம் போய்விடுகிறது, தெருவில் பேய் திரும்பி வந்துவிட்டது என்று பேச்சு. போன கூட்டத்தில் இதை எழுந்து சொன்னேன். நிகழ்ச்சி நிரலில் இல்லை, அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள்.